என் பெயரில் ஓடிய நாடி

கை மணிக்கூட்டின் வார் பட்டு எனக்கு மணிக்கட்டில் வந்தது வெறும் கடி, சொறிச்சல். கொஞ்சம் தோல் உரிந்து கொஞ்சம் நீர் வடிந்தது, அவ்வளவுதான். அதற்கு நான் போட்ட கூத்து ஸ்கந்தபுரம் முழுவதும் தெரியும். தேத்தண்ணீர்க் கடையில் கையை நீட்டிக் காட்டினேன். பசளைக் கடையில் காட்டினேன். கமக்காரர் கூட்டத்தில் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்க எழுந்தவன், கேட்க வந்ததை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு அதே மணிக்கூட்டால் தன் மணிக்கட்டு நோகிறது என்று என் மனைவி ஜெகதீஸ்வரி சொன்னபோது, "வாரைத் தளர்த்திக் கட்டும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். எனக்கு வாய் பெரிது, காது சின்னது. அறுபத்தாறு வயதில் இதை ஒப்புக்கொண்டு யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாசி மாதம் எனக்கு நெஞ்சு நோ வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தேன். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குழாயை வைத்து, ஒரு பை நிறைய மாத்திரையும் தந்து அனுப்பினார்கள். கனடாவில் இருக்கிற எங்கள் ஒரே மகள் பிரஷாந்தினி இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுடைய பெட்டியில் எனக்கு ஒரு கறுப்பு ஸ்மார்ட் மணிக்கூடும், அதோடு சேர்த்து வைத்திருக்க ஒரு பெரிய போனும் இருந்தன. தாய்க்கு ஒரு சேலையும் நோ எண்ணெய்ப் போத்தல் இரண்டும் கொண்டுவந்திருந்தாள்.

மணிக்கூடு என்றால் நேரம் காட்டுகிற மணிக்கூடு என்று நினைக்க வேண்டாம். நேரமும் காட்டும். மற்றப்படி அது ஒரு கோள்மூட்டி. நாடி எத்தனை தரம் துடிக்கிறது, எத்தனை அடி நடந்தேன், இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டேன் என்று எல்லாவற்றையும் பெரிய போனுக்குச் சொல்லும். போன் அதை அப்படியே கனடாவில் இருக்கிற மகளின் போனுக்குச் சொல்லும். கட்டியிருக்கிற ஆள் விழுந்து அசையாமல் கிடந்தால் உடனே அவளுக்கு ஒரு செய்தி போகும். பெரிய போனை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேற்றில் போட்டுவிடுவேன் என்று பயந்து, அதை வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜில் போட்டுவிட்டாள். வயலுக்கு நான் கொண்டுபோவது என்னுடைய பழைய பட்டன் போன்தான்.

அவள் திரும்பிப் போகிற அன்று, விமான நிலையத்துக்குப் பிடித்த வான் வாசலில் நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஏறப்போனவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, இதைக் கழட்டமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"சரி, கழட்டமாட்டன்."

"அப்பிடியில்லை. அம்மாளாணை எண்டு சொல்லுங்கோ."

"அம்மாளாணை கழட்டமாட்டன் பிள்ளை. குளிக்கேக்கை மட்டும்."

பக்கத்தில் நின்ற ஜெகதீஸ்வரி சிரித்தாள். அம்மனின் பெயரைச் சொல்லி நான் சத்தியம் செய்து அவள் கண்டது அன்றுதான் முதல் தடவை. அதை உடைக்க எனக்கு மூன்று மாதம் போதுமாயிருந்தது.

சிறுபோக வயல் வேலை தொடங்கியது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வியர்வையும் சேறும் பசளைத் தூளும் வாருக்குள் போய் இருந்துகொண்டன. என் இடது மணிக்கட்டில், சண்டைக் காலத்தில் ஷெல் துண்டு கிழித்த பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் தோல் மெல்லியது. முதலில் கடித்தது. சொறிந்தேன். பிறகு சிவந்து, கொப்புளம் போட்டு, நீர் வடிந்தது. வலது கைக்கு மாற்றினேன். பத்து நாளில் அங்கேயும் அதே கதை. டாக்டர் பூசுகிற மருந்து ஒன்றைத் தந்து, "ஒரு மாசம் கழட்டி வையுங்கோ ஐயா, தானா மாறும்" என்றார்.

கழற்றி வைத்தேன். அன்று பின்னேரம் ஐந்து மணிக்குப் போன் அடித்தது. கனடாவில் அப்போது விடியற்காலை. மகள் நித்திரையால் எழும்பியதும் முதலில் என் நாடியைப் பார்ப்பாள், பிறகுதான் பல் விளக்குவாள்.

"அப்பா, காலமையிலயிருந்து ஒண்டும் காட்டேல்லை. கழட்டினீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. சார்ஜ் இல்லாமல் போச்சு."

அடுத்த நாள் சட்டைக் கைக்கு மேலால் கட்டிப் பார்த்தேன். அது நாடியைப் பிடிக்கவில்லை. சீலைத் துண்டு சுற்றி அதற்கு மேல் கட்டினேன். அதற்கும் மசியவில்லை. ஆட்டின் காலில் கட்டிவிடுவோமா என்றுகூட யோசித்தேன். பிறகு அது வேலியால் பாய்கிறபோது நான் பாய்கிறேன் என்று அவள் அங்கே அலறுவாளே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கோபம் தலைக்கேறி, மணிக்கூட்டைக் குசினி மேசையில் தூக்கிப் போட்டேன்.

"நான் செத்தாலும் பரவாயில்லை. இந்தச் சனியனை இனிக் கட்டமாட்டன்."

ஜெகதீஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மாளாணை எண்டு சொன்னனீங்களெல்லே?"

"சொன்னனான்தான். கை அழுகினாலும் கட்டுறன் எண்டு சொன்னனானோ?"

"கத்தாதேங்கோ. நான் கட்டுறன்."

"நீர் கட்டி என்ன செய்யிறது? நெஞ்சு நோ எனக்கெல்லே."

"கௌரி விரதம் ஆர் பிடிக்கிறது? நான்தானே? பலன் ஆருக்குப் போகுது? உங்களுக்குத்தானே? இதையும் நான் கட்டுறன். வீட்டிலை ஒராள் கட்டியிருந்தாச் சத்தியம் தப்பாது."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும். ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் கேதார கௌரி விரதம் வரும். இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு. கடைசி நாள் கோயிலில் ஐயர் மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார். புருசனுக்கு ஆயுள் கேட்டுப் பெண்கள் பிடிக்கிற விரதம். நான் ஒரு நாளும் கோயிலுக்குப் போய் அந்தக் காப்பைக் கட்டியவன் இல்லை. தன்னுடையதைக் கட்டிக்கொண்டு, என்னுடையதை வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்து என் வலது கையில் அவளே கட்டிவிடுவாள். பட்டினி அவளுக்கு, ஆயுள் எனக்கு. முப்பத்தாறு வருடமாக இந்த ஏற்பாடு பிழையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஆகவே அவள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. சந்தோசமாகக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட இருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி. என் கை ஆறத் தொடங்கியது. பின்னேரத்தில் மகள் எடுப்பாள்.

"அப்பா, இண்டைக்கு ஏழாயிரம் அடி நடந்திருக்கிறீங்கள்! சோக்கு!"

"வேறென்ன, வரம்பு முழுக்க நடை."

குசினிக்கும் கிணற்றடிக்கும், கோழிக்கூட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் ஜெகதீஸ்வரி நடந்த நடை அது. அவள் எனக்கு எதிரே கதிரையில் இருந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். போன் படம் காட்டுகிற போன் என்பதால், மகள் எடுக்கிறபோது மட்டும் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டிவிடுவாள். கதைத்து முடிந்ததும் திரும்ப வாங்கிக் கட்டிக்கொள்வாள். கலியாணம் கட்டிய புதிதில்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து களவு செய்ததில்லை.

"அம்மா எப்பிடி?" என்று மகள் கடைசியில் கேட்பாள்.

"அவளுக்கென்ன. கல்லுமாதிரி இருக்கிறாள்" என்பேன் நான்.

தாயும் மகளும் கதைக்காமல் இல்லை. கதைப்பார்கள். என்ன கறி, ஆர் வீட்டில் கலியாணம் என்று கதைப்பார்கள். ஆனால் நாடி பார்க்கிறதும், மாத்திரை போட்டாச்சோ என்று கேட்கிறதும் எனக்குத்தான். நான்தான் அந்த வீட்டில் நோயாளி. அந்தக் கதிரையை நானும் ஆருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

புரட்டாதியில் ஒரு நாள் மகள் ஏசத் தொடங்கினாள்.

"ராவு மூண்டு மணித்தியாலம்தான் அப்பா நித்திரை கொண்டிருக்கிறீங்கள். முந்தநாளும் அப்பிடித்தான். ஒரு மணிக்கு எழும்பினால் விடியுமட்டும் முழிப்பு. ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் படுத்தால் கட்டை. இடி விழுந்தாலும் எழும்பமாட்டேன். ஜெகதீஸ்வரியைப் பார்த்தேன். அவள் குனிந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நுளம்பு கடிக்குது பிள்ளை" என்றேன்.

"நுளம்பில்லை. நீங்கள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிறீங்கள். இனி மூண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. அம்மா, கேட்டதோ? அவருக்குக் குடுக்காதேங்கோ."

ஜெகதீஸ்வரி மகள் சொன்னதைத் தட்டமாட்டாள். என் பின்னேரத் தேத்தண்ணீர் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. வயலால் களைத்து வந்தவனுக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் இல்லையென்றால் மனிதன் எப்படி இருப்பது?

"உம்மாலை என்ரை தேத்தண்ணி போச்சு. ராவிலை படுத்து நித்திரை கொள்ளுமன். ஏன் எழும்பி இருக்கிறீர்?"

"படுத்தா மூச்சு முட்டிற மாதிரிக் கிடக்கப்பா. எழும்பிச் சுவரோடை சாய்ஞ்சு இருந்தாச் சரியா வருது."

"சாப்பிட்ட உடனை படுத்தா அப்பிடித்தான் இருக்கும். வெள்ளனச் சாப்பிடும்."

அடுத்த நாளிலிருந்து அவள் பொழுதுபட முதலே, வெள்ளனச் சாப்பிட்டாள். இரவில் எழும்பி இருந்தாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. தேத்தண்ணீர் திரும்பி வராத கோபத்தில் இருந்தேன்.

ஐப்பசி வந்தது. விரதம் தொடங்கியது. வயலில் விதைப்பு. அவள் விடிய எழும்பித் தலையில் தண்ணீர் வார்த்து, எனக்குச் சமைத்து, தான் மாலைவரை தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு இருப்பாள். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது. மகள் ஒரு நாளும் அந்த நேரத்தில் எடுப்பதில்லை.

"அப்பா, நாடி ஒழுங்கில்லாமல் துடிக்குது எண்டு மூண்டு தரம் எச்சரிக்கை வந்திட்டுது. கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

அவள் அழுதுகொண்டிருந்தாள். போகாமல் இருக்க முடியுமா? பக்கத்து வளவில் இருக்கிற நிஷாந்தனைக் கூப்பிட்டு, அவனுடைய ஓட்டோவில் கிளிநொச்சிக்குப் போனேன். ஓட்டோ போய்க்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. மணிக்கூடு என் கையில் இல்லை. ஆகவே ஒழுங்கில்லாமல் துடிப்பது என் நாடி இல்லை. பொய் சொல்லக்கூடாது, யோசனை வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் மகளிடம் சத்தியத்தை உடைத்த கதையைச் சொல்ல வேண்டும். அவள் அழுகிற அழுகையில் அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் படுத்து ஈசிஜி எடுப்பித்துக்கொண்டேன். மருந்து ஒழுங்காக வேலை செய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்குள் ஒரு பேயன் இருந்துகொண்டு, அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ஜெகதீஸ்வரி வாசல் படலையடியில் நின்றாள்.

"என்னவாம்?"

"என்ரை நெஞ்சு இருபது வயசுப் பெடியன்ரை நெஞ்சாம்."

அவள் அந்த இடத்திலேயே மண்ணில் இருந்து அழுதாள். என் ஆயுளுக்காகப் பட்டினி கிடக்கிறவள் அல்லவா. அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, தன் கையைப் பார்த்தாள்.

"அப்ப... இது என்ரை நாடியெல்லே?"

அவள் கேட்டாள். அவளே கேட்டாள். நான் செய்ததையெல்லாம் விட, அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும் என்னைப் படுக்க விடுவதில்லை.

"வெறும் வயித்தோடை இருந்தா நாடி அப்பிடித்தான் ஓடும். காப்பு முடியட்டும், ஒருக்காப் போய்க் காட்டுவம்."

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. அது பயந்திடும்" என்றாள்.

நான் மகளுக்குப் போன் எடுத்து, மணிக்கூடு பழுது, டாக்டரே சிரித்தார் என்று சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை, அதை நானே சேர்த்துக்கொண்டேன். மகள் ஈசிஜிக் கடதாசியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அவளுக்கும் உயிர் வந்தது. சும்மா பயப்படுத்துகிறது என்று, அந்த நாடி எச்சரிக்கையை அங்கிருந்தே நிறுத்திவிட்டாள்.

விரதம் முடிந்தது. ஜெகதீஸ்வரி காப்புக் கட்டிக்கொண்டு வந்து, என் காப்பை என் வலது கையில் கட்டினாள். அப்போதுதான் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, மணிக்கட்டு நோகுது. இறுக்கிப் பிடிக்கிற மாதிரிக் கிடக்கு."

அவளுடைய இடது கையில் மேலே மஞ்சள் நூல், கீழே மணிக்கூட்டு வார். இரண்டுக்கும் நடுவில் சதை பிதுங்கி நின்றது. மணிக்கூட்டைக் கழற்றிக் காட்டினாள். வார் இருந்த இடம் பள்ளமாகப் பதிந்து கிடந்தது. நான் விரலால் அமர்த்திப் பார்த்தேன். விரல் எடுத்த பிறகும் குழி மாறவில்லை.

"ரண்டையும் ஒரே கையிலை கட்டினால் நோகாமல் என்ன செய்யும்? வாரைத் தளர்த்திக் கட்டும்."

"கடைசி ஓட்டையிலைதான் போட்டிருக்கிறன்."

"எனக்குத் தோலே உரிஞ்சது. உமக்குக் கொஞ்சம் இறுக்கம்தானே."

அவள் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. என் கை அப்போது ஆறி இரண்டு மாதம். மணிக்கூட்டை நான் திரும்ப வாங்கிக் கட்டியிருக்கலாம். அல்லது அன்றே அவளை ஓட்டோவில் ஏற்றியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. மழை தொடங்கியது. மழை விடட்டும் என்றேன். மழை விட்டது, களை வந்தது. களைக்கு மருந்தடித்து முடியட்டும் என்றேன். அவளும் சரி என்றாள். எதற்கும் சரி என்கிறவள்.

மார்கழி முதல் கிழமை. காலையில் பிட்டு அவித்து, சம்பலோடு பொதி கட்டித் தந்தாள். படலைவரை வருகிறவள், அன்று குசினிக்குள் நின்றே "போட்டு வாங்கோ" என்றாள். நான் வயலுக்குப் போய், மருந்துத் தாங்கியை முதுகில் கொழுவிக்கொண்டு ஒரு பாத்தி அடித்து முடித்திருப்பேன். ஒன்பதரை மணி தாண்டியிருக்கும். பட்டன் போன் சட்டைப் பைக்குள் பொலித்தீனில் சுற்றிக் கிடந்து அடித்தது.

"அப்பா! அப்பா! ஆர் கதைக்கிறது? அப்பாவோ?"

"நான்தான் பிள்ளை. என்ன இந்த நேரத்திலை?"

மகள் பெருத்த சத்தத்தில் அழுதாள்.

"விழுந்திட்டீங்களோ அப்பா? நீங்கள் விழுந்து அசையாமல் கிடக்கிறீங்கள் எண்டு மெசேஜ் வந்தது. வீட்டுப் போனுக்கு எடுத்தன், ஒருதரும் தூக்கேல்லை. அம்மாவும் தூக்கேல்லை."

"நான் வயலுக்கை நிக்கிறன். மருந்தடிக்கிறன்."

"உங்களுக்கு ஒண்டுமில்லையே? உண்மையாவோ?"

"ஒண்டுமில்லை."

அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மருமகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அப்பா கதைக்கிறார். அவருக்கு ஒண்டுமில்லை. கடவுளே, ஒண்டுமில்லை." அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. பிறந்ததிலிருந்து அவள் எனக்காக அப்படிச் சந்தோசப்பட்டதை நான் கேட்டதில்லை.

"அப்பா, அந்தக் கோதாரி வோச்சைக் கழட்டி வாய்க்காலுக்கை எறியுங்கோ. என்ரை உயிர் போட்டு வந்தது."

நான் வரம்பில் நின்றேன். வாய் பெரிது என்று சொன்னேன் அல்லவா, அந்த வாய் திறக்கவில்லை. அவள் இரண்டு தரம் கூப்பிட்டாள்.

"அப்பா? அப்பா, லைனிலை நிக்கிறீங்களோ?"

"பிள்ளை... அது என்ரை கையிலை இல்லை."

"அப்ப எங்கை?"

"அம்மாவின்ரை கையிலை."

அவள் சிரித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு சின்னக் குரலில், "எவ்வளவு நாளா அப்பா?" என்றாள். நான் தாங்கியைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடினேன். வரம்படியில் விட்டிருந்த மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

ஜெகதீஸ்வரி குசினியில் அடுப்படிக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தாள். ஒரு பக்க வாய் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. மூச்சு இருந்தது. மணிக்கூடு அவள் கையில் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. சாமிப் படத்தடியில் பெரிய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்கு நேரமும் இல்லை, முகமும் இல்லை. நிஷாந்தன் ஓட்டோவைப் பின்பக்கமாகவே வாசலுக்குள் விட்டான். இருவருமாக அவளைத் தூக்கி ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அவளுடைய கையையும் காலையும் அமர்த்திப் பார்த்தார்.

"வீக்கம் எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு மாசத்துக்கு மேலை. நான் அது மணிக்கூட்டாலை எண்டு நினைச்சனான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூச்சு முட்டியதா, இரவில் எழும்பி இருந்தவரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. இருதயம் நெடுநாளாகக் களைத்துப்போய் ஒழுங்கில்லாமல் துடித்திருக்கிறது, அதனால் இரத்தக் கட்டி ஒன்று மூளைக்குப் போய்விட்டது என்று விளங்கப்படுத்தினார். "முதலே வந்திருந்தா மருந்திலை வைச்சிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மூன்றாம் நாள் விடிய அவள் போய்விட்டாள். கடைசிவரை ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவளுடைய கையிலிருந்த காப்பு நூலைத் தாதிதான் வெட்டினாள். என் கையில் அவள் கட்டிய நூல் அப்படியே இருந்தது.

மகள் வந்து இறங்கும்வரை உடலை வைத்திருந்தோம். அவள் செத்தவீட்டில் என்னை ஒரு சொல் ஏசவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்தும் ஏசவில்லை. என்னைச் சாப்பிட வைத்தாள், மாத்திரையைத் தந்தாள். பின்னேரத்தில் தேத்தண்ணீர்கூடப் போட்டுத் தந்தாள். அதை விழுங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊர்ச்சனம் முன்னால் நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று பின்னேரம், வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவள் எங்கள் அறைக்குள் கட்டிலில் இருந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பிள்ளை பாக்கிறாய்?"

"அம்மாவை."

போனை என் பக்கம் திருப்பினாள். ஜெகதீஸ்வரி மணிக்கூடு கட்டியிருந்த ஐந்து மாதமும் அதற்குள் இருந்தது. எல்லாவற்றிலும் என் பெயர் போட்டிருந்தது. நீலமும் சிவப்புமாகக் கோடுகள். நீலம் நித்திரையாம், சிவப்பு முழிப்பாம்.

"இது நவம்பர் பதினாலு. ராவு ஒண்டு இருபதுக்கு எழும்பினவா, விடியுமட்டும் படுக்கேல்லை. இது அடுத்த நாள். இது அதுக்கடுத்த நாள். எல்லாம் சிவப்பு." அவள் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு நாளும் எழும்பின உடனை நான் அம்மாவைத்தான் அப்பா பாத்திருக்கிறன். உங்களை எண்டு நினைச்சுக்கொண்டு அம்மாவைப் பாத்திருக்கிறன். எச்சரிக்கையையும் நான்தான் நிப்பாட்டினனான்."

"நீ என்ன செய்வாய் பிள்ளை. நான் சொன்ன பொய்."

அவள் போனைக் கட்டிலில் வைத்தாள். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். தாயின் கண்தான் அவளுக்கு.

"அவ்வளவு தூரத்திலை இருந்த எனக்கு, ராவு ராவா ஒரு ஆள் எழும்பி இருக்கிறது தெரிஞ்சது. நீங்கள் அப்ப எங்கை அப்பா இருந்தனீங்கள்?"

"பக்கத்திலை" என்றேன். "நித்திரை கொண்டனான்."